காட்டுக்குப் போறேனுங்க

ஜனவரி 9, வெள்ளி

உரக்கடையில் புது டைரி கொடுத்தார்கள். அட்டையில் ஒரு பெரிய தக்காளி. முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று மூன்று கோடு போட்டிருக்கிறது. பெயர், சுலோசனா. ரத்த வகை தெரியவில்லை. “கொதிக்கற வகைன்னு எழுதிக்க,” என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். மூன்றாவது கோட்டை அப்படியே விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் எந்நேரமும் போனை மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வருகிற மனுஷன். அவசரத்துக்குக் கூப்பிட்டால் மோட்டார்தான் எடுக்கும்.

புது டைரி என்பதால் ஒழுங்காக முதலிலிருந்து எழுதுகிறேன். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கொக்கோ போட்டிருக்கிற அறுபது பேர் எங்களிடம் கொட்டை கொடுக்கிறார்கள். அதை மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலை போர்த்திப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, மூட்டை கட்டி பெல்ஜியத்தில் ஒரு சாக்லேட் கம்பெனிக்கு அனுப்புகிறோம். ஷெட்டுக்குள் நுழைந்தால் காடி வாடை மூக்கில் ஏறும். எனக்கு அது பழகிவிட்டது. கல்யாண வீட்டில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள்தான் நகர்ந்து உட்காருகிறார்கள்.

இன்று இவருடைய தங்கை மரகதத்தின் கொட்டையும் வந்தது. அவள் வரவில்லை. இவர் போய் வண்டியில் எடுத்துவந்தார். இரண்டு வருடமாக அப்படித்தான். அதற்கு முன்னால் ஒருநாள், பழுத்து நின்ற காயைப் பறிக்காமல் விட்டு, முளைவிட்ட கொட்டையாக ஒரு கூடை கொண்டுவந்தாள். எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினேன். தரம் என்றால் தரம்தான். நாத்தனாருக்கு ஒரு தரம், ஊருக்கு ஒரு தரம் என்று வைக்க முடியுமா? அதுவரை வாய் ஓயாமல் “நங்கை, நங்கை” என்று என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தவள். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. நிற்கட்டும், எனக்கென்ன.

அவள் கொட்டையை ஏழாம் பெட்டியில் தனியாகப் போடுகிறேன். மற்றதோடு கலந்து கெட்டுவிடக்கூடாது பாருங்கள், அதற்காக. அந்தப் பெட்டியை நானேதான் கிளறுகிறேன். ஆட்கள் கைக்கு விட்டால் சரிப்படாது.

ஜனவரி 12, திங்கள்

லீஸ்பெத் ஒரு புது வேலை வைத்துவிட்டாள். லீஸ்பெத்தான் பெல்ஜியத்தில் எங்கள் சரக்கை வாங்குகிறவள். நல்ல பெண். ஒருமுறை இங்கே வந்தபோது தயிர்சாதத்தில் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டாள், அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

ஐரோப்பாவில் ஒரு சட்டம் வருகிறது. 2020 டிசம்பருக்குப் பிறகு வனத்தை அழித்த மண்ணில் விளைந்த கொக்கோ, காப்பி, ரப்பர் எதுவும் அந்த நாடுகளுக்குள் நுழையக்கூடாது. முழுதாக அமலுக்கு வருவதற்குள் வாங்குகிறவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒவ்வொரு நிலத்தையும் போனை வைத்துக்கொண்டு சுற்றி வந்து அளந்து அனுப்ப வேண்டும். ‘கொக்கோவுக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது’ என்று நிலத்துக்காரர் தன் வாயால் சொல்வதை வீடியோ எடுக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். மேலே வனம் இல்லாவிட்டால் கீழே ஆழியாற்றில் ஏது தண்ணீர்? எங்களுக்கு இதில் பயமும் இல்லை. வனம் இருப்பது மலைமேல், செக்போஸ்ட்டைத் தாண்டி. நாங்கள் இருப்பது கீழே.

ஷாநவாஸ் நான்கு நாளாக வெயிலில் அலைந்து முடித்துவிட்டார். எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர், பில், இங்கிலீஷ் மூன்றும் அவர் தலையில்தான்.

“எல்லாரும் கல்யாண வீடியோவுக்கு நிக்கற மாதிரியே நிக்கறாங்கக்கா. வாயத் தொறக்க வெக்கறதுக்குள்ள உசுரு போகுது. மரகதக்கா மட்டும் பளிச்சுன்னு பேசுனாங்க.”

“அவளுக்கென்ன, பேச்சுக்குக் கொறச்சலா?” என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மரகதம் வீட்டிலிருந்து கரும்பு வரவில்லை. நானும் அனுப்பவில்லை. இவர் மட்டும் இரண்டு வீட்டிலும் மூச்சுமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து ஓமத்தண்ணீர் கேட்டார்.

ஜனவரி 21, புதன்

காலையில் அரிசிமாவு அரைக்கக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனால் ஷாநவாஸ் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

பெல்ஜியக் கம்பெனி வைத்திருக்கிற சோதனை ஏஜென்சியிடமிருந்து பதில் வந்திருக்கிறது. அறுபது நிலத்தில் ஐம்பத்தொன்பது பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. முப்பத்து நான்காம் எண் நிலத்தில் வனம் அழிக்கப்பட்டிருக்கிறதாம். ஆதாரம் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒன்று செயற்கைக்கோள் படம். 2020 டிசம்பரில் நிலம் முழுக்க அடர்ந்த பச்சை, அடுத்த மே மாதம் பார்த்தால் மொட்டை மண். இரண்டாவது, நிலத்துக்காரரே வீடியோவில் கொடுத்திருக்கிற ஒப்புதல் வாக்குமூலம்.

“யாரு அந்த முப்பத்து நாலு?” என்றேன்.

“மரகதக்கா.”

வாக்குமூலத்தை ஏதோ ஒரு மெஷினை வைத்து இங்கிலீஷாக்கியிருக்கிறார்கள். ஷாநவாஸ் அதைத் திருப்பித் தமிழில் படித்தார். ‘இந்த இடம் முன்பு முழுக்க முழுக்க வனம். ஐந்து வருடங்களுக்கு முன் நான் வனம் முழுவதையும் அழித்துவிட்டு, வாழையும் தென்னையும் கொக்கோவும் நட்டேன்.’

என்ன சொல்லித் தொலைத்தாள் இவள்? வீடியோவைப் போடச் சொன்னேன்.

மரகதம் புதுச் சேலையில் இடுப்பில் கைவைத்து நின்றாள். “இது முன்னயெல்லாம் வெறுங்காடுங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னால காட்டையெல்லாம் திருத்திப்போட்டு, போர் போட்டு, வாழையும் தென்னையும் கொக்கோவும் வெச்சனுங்க.”

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தேன் பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அட சாமி! சோளமும் கடலையும் போடுகிற மேட்டு நிலத்தைக் காடு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? விடிந்தால் இந்த ஊரில் பாதிப்பேர் காட்டுக்குத்தான் போகிறோம். அந்த மெஷினுக்குக் காடு என்றால் புலியும் யானையும் இருக்கிற காடு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் ஷாநவாஸ் சிரிக்கவில்லை.

“அக்கா, இந்த ஒரு சிவப்பு போறவரைக்கும் மொத்தச் சரக்கும் கப்பல் ஏறாதாம். அறுபது பேரோடதும்.”

மாவு அரைக்கக் கொடுத்ததே மறந்துபோய் ராத்திரிக்கு உப்புமா கிண்டினேன்.

ஜனவரி 22, வியாழன்

பதில் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல ஷாநவாஸ் அடித்தார். காடு என்றால் எங்கள் பக்கம் உழுது விதைக்கிற நிலம், வனம் என்றால்தான் நீங்கள் நினைக்கிறது என்று விளக்கமாகச் சொன்னேன். கடைசியில், “ஊரு பேச்சு தெரியாம மெஷின வெச்சுத் தீர்ப்பு சொல்றீங்களே, அறிவிருக்குதா?” என்று முடித்தேன். அதை அவர் ‘தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன்’ என்று அடித்ததாகப் பிறகு சொன்னார்.

ஜனவரி 26, திங்கள்

பதில் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

ஏஜென்சியில் ஹென்ட்ரிக் என்று ஒருவர். அகராதியில் பார்த்தாராம். காடு என்றால் வனம் என்றுதான் போட்டிருக்கிறதாம். விற்கிறவர் சொல்கிற விளக்கத்தை ஆதாரமாக எடுக்க முடியாதாம். அதுவும் நிலம் புலிகள் காப்பகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது.

லீஸ்பெத் தனியாக ஒரு மெயில் போட்டிருந்தாள். என் மேல் அவளுக்கு அக்கறைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ‘நல்லவேளை, அந்த நிலத்துச் சரக்கு ஏழாம் பெட்டியில் தனியாக இருக்கிறது. அந்த மூட்டைகளை எடுத்துவிடுங்கள். முப்பத்து நான்காம் நிலத்தில் வனம் அழிக்கப்பட்டது உண்மை, இனி அங்கிருந்து வாங்க மாட்டோம் என்று கையெழுத்துப் போடுங்கள். மீதி எல்லாம் அடுத்த நாளே கிளம்பலாம். பிப்ரவரி பதின்மூன்றுக்குள் முடிவு வராவிட்டால் இந்த வருடத்துக்கு நான் வேறு நாட்டில் வாங்கியாக வேண்டும்.’

பெரிய கம்பெனிகளில் இந்த மாதிரி ஃபாரம் நிரப்புவதற்கென்றே ஏசி ரூமில் பத்துப் பேர் இருப்பார்கள். எங்களுக்கு ஷாநவாஸ். அவருக்கும் சைனஸ்.

அந்தக் கையெழுத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும். ஐரோப்பாவில் எவனும் அவள் நிலத்துக் கொட்டையைத் தொட மாட்டான். அங்கே விற்காததை இங்கே எந்த வியாபாரி எடுப்பான்? புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாக நின்று உண்டாக்கின தோப்பு அது. வனத்தை அழித்தவள் என்ற பேரோடு அந்த மண் கிடக்கும்.

இவரிடம் சொன்னேன். ஒன்றரை தோசையோடு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது.

ஜனவரி 28, புதன்

ராக்கியப்பன் வந்தார். எங்களுக்குக் கொட்டை கொடுக்கிறவர்களில் பெரிய தோப்பு அவருடையதுதான்.

“ஏனுங்க, ஒருத்திக்கோசரம் அத்தன பேரு சரக்கும் நிக்கோணுங்களா? கையெழுத்தப் போட்டுப்போட்டு வேலையப் பாருங்க. எப்படியும் உங்களுக்கும் அவிங்களுக்கும் ஆகாதுதானுங்களே.”

எனக்கு வந்ததே கோபம். “எனக்கும் அவளுக்கும் ஆகாதுங்கறது எங்க ஊட்டுச் சோலி. அதுல நீங்க கால வெக்க வேண்டாமுங்க. போன மாசம் என்ன சொன்னீங்க? அடுத்த ஆடிக்கு உங்க மேட்டுக்காட்டுலயும் கொக்கோ வெக்கறேன்னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னனுங்க.”

“அப்ப அடுத்த வருசம் ராக்கியப்பன் வனத்த அழிச்சுப்போட்டாருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டுங்களா?”

மனுஷன் மோட்டுவளையைப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். “அது எப்படிங்க, அது காடுங்களே,” என்றார்.

“அதத்தானுங்க நானும் சொல்றேன்!”

போகும்போது, தான் பதின்மூன்றாம் தேதி வரைக்கும் வாய் திறக்கப் போவதில்லை, மற்றவர்களையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். இது மரகதத்துக்காக அல்ல. பொய்க்கு என் கை கையெழுத்துப் போடாது, அவ்வளவுதான்.

ஏழாம் பெட்டி இன்று கிளறும்போது வாடை அருமையாக இருந்தது. அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

வேறு வழியில்லாமல் மரகதம் வீட்டுக்குப் போனேன். ஒரு யோசனை வந்திருந்தது, அதற்கு அவள் வேண்டும். நீலச் சேலையை எடுத்து, வேண்டாம் என்று வைத்து, பச்சையைக் கட்டி, மறுபடி நீலத்தைக் கட்டினேன். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது?

“வாங்க கம்பெனிக்காரம்மா,” என்றாள் மரகதம். நாய்கூட அதைவிடப் பாசமாகக் குரைத்தது.

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது.

“நானுங்களா வனத்த அழிச்சேன்? கூடை கூடையா கல்லுப் பொறுக்கி நான் திருத்துன காடுங்க அது. என்ற கையப் பாருங்க.” உள்ளங்கையை நீட்டினாள். பிறகு கையை மடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். “சரி, எதுக்கு எல்லாருக்கும் தொந்தரவு. என்ற மூட்டையத் தூக்கி வெளிய போட்டுப்போடுங்க. உங்களுக்கு அது பழக்கந்தானுங்களே.”

சுருக்கென்று இருந்தது.

“மொளவிட்ட கொட்டையத்தான் திருப்புவேன்,” என்றேன். “நல்ல கொட்டையத் திருப்ப மாட்டேன். பெல்ஜியமே வந்து சொன்னாலும் திருப்ப மாட்டேன்.”

அவள் உள்ளே போய் காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை இல்லாமல், நான் குடிக்கிறபடியே. கேட்கக்கூட இல்லை.

காப்பி குடித்துக்கொண்டே அந்த டிசம்பர் படத்தைப் பற்றிக் கேட்டேன். “அது சோளத்தட்டுங்க,” என்றாள். “ஐப்பசில வெதச்சா மார்கழில ஆளு மறையற ஒசரம் நிக்கும். தையில அறுத்துப்போட்டா சித்திர வரைக்கும் வெறுங்காடு. வருசா வருசம் அப்படித்தானுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும்தான். ஆனால் அவள் ‘வருசா வருசம்’ என்று சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பாதிக் காப்பியோடு எழுந்து ஷாநவாஸுக்குப் போன் போட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

லீஸ்பெத்தையும் ஹென்ட்ரிக்கையும் வீடியோ காலில் வரச் சொல்லி ஷாநவாஸ் ஏற்பாடு செய்திருந்தார். எங்களுக்கு மதியம், அவர்களுக்குக் காலை. மரகதத்தின் நிலத்துக்கு முன்னால், நாலு வழி பிரிகிற புளியமரத்தடியில் போனோடு நின்றோம். ஹென்ட்ரிக்குக்குக் குறுந்தாடி. கண்ணாடி மூக்கு நுனியில். ஆள் கெட்டவர் இல்லை, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் போல இருந்தார்.

நான் சொன்னேன், ஷாநவாஸ் இங்கிலீஷில் சொன்னார். “இந்த ரோட்டில் வருகிறவர்களில் யாரை வேண்டுமானாலும் நீங்களே காட்டுங்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒரே கேள்விதான் கேட்பேன். பதிலில் காடு வருகிறதா என்று பாருங்கள்.”

ஹென்ட்ரிக் நம்பவில்லை. சொல்லிக்கொடுத்து நிறுத்தியிருப்போம் என்று நினைத்திருக்க வேண்டும். தூரத்தில் சைக்கிளில் தூக்குப்போசியோடு வந்தவரைக் காட்டினார்.

“எங்கீங்க போறீங்க?”

“காட்டுக்குங்க. ஆளுக்குச் சோறு கொண்டுபோறேன்.”

அடுத்து முதுகில் மருந்தடிக்கிற டேங்க்கோடு ஒருவர். “காட்டுக்குப் போறேனுங்க.” இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு ஓர் அம்மா. “காட்டுக்குத்தான், வேறெங்க போவேன்?” டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தாமலே, “மேக்க ஒரு காடு உழுகோணும், வழி உடுங்க!” என்று கத்தினார். உழுவது என்ற சொல்லை ஷாநவாஸ் இரண்டு தடவை அழுத்தி மொழிபெயர்த்தார்.

ஹென்ட்ரிக் உஷாராகிவிட்டார். வெள்ளைவேட்டி சட்டையில் ஸ்கூட்டரில் வந்தவரைக் கேட்கச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. அவரைப் பார்த்தால் காட்டுக்குப் போகிற ஆளாகவே தெரியவில்லை.

“எங்கீங்க போறீங்க?”

“பேங்குக்குங்க.”

போச்சு என்று நினைத்தேன். மரகதம் என் முழங்கையைப் பிடித்தாள்.

அவர் வண்டியை ஒரு காலால் ஊன்றிக்கொண்டு, “அத முடிச்சுப்போட்டு அப்படியே காட்டுக்குப் போகோணும், கடலைக்குத் தண்ணி கட்டோணும். ஏனுங்க, என்ன வெசயம்?” என்றார்.

மரகதம் ஓவென்று சிரித்துவிட்டாள். நான் அந்த ஆளைக் கட்டிப்பிடிக்காத குறை. அவர் யார் என்றுகூட இதுவரைக்கும் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

லீஸ்பெத்தும் அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். ஹென்ட்ரிக் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு மரகதத்தைப் பார்த்தார். அப்படியானால் உண்மையான வனத்தை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார்.

மரகதம் போனை ஷாநவாஸ் கையிலிருந்து வாங்கி மேற்கே திருப்பினாள். மலை நீலமாகத் தெரிந்தது.

“அதா, அதுதானுங்க வனம். வனத்துல யானை இருக்கும். காட்டுல வேலை இருக்கும். அவ்வளவுதானுங்க வித்தியாசம்.”

ஷாநவாஸ் மொழிபெயர்த்து முடித்தார். பிறகு ஹென்ட்ரிக் தலை குனிந்து எழுதத் தொடங்கினார். பேச்சு பேச்சாக இருக்கட்டும், படத்துக்குப் பதில் வேண்டும் என்றார்.

இதற்குத்தான் காத்திருந்தேன். “நீங்கள் ஒரு டிசம்பரையும் ஒரு மேயையும் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். 2020க்கு முந்தின ஒவ்வொரு வருடத்துக்கும் டிசம்பர் படமும் மே மாதப் படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த வனம் வருசா வருசம் மொட்டையடித்துக்கொண்டு, வருசா வருசம் முடி வளர்க்கும்?”

பார்க்கிறேன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அவருக்கே உடனே பார்க்க வேண்டும் போல இருந்தது, முகத்தில் தெரிந்தது.

மரகதம் எங்கள் எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். எனக்கு வழுக்கையாகப் பார்த்து வெட்டினாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

பதில் இல்லை. பாட்டில் பிரஷ் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பதில் இல்லை. ஷாநவாஸ் மெயிலைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கம்ப்யூட்டரையே கெடுத்துவிடுவார் போலிருக்கிறது. ராக்கியப்பன் வாய் திறக்கவில்லை, ஆனால் ஷெட் வழியாக ஒரு நாளைக்கு நாலு தடவை போகிறார். அவருடைய தோப்புக்கு அது வழியே இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

நாளைக்குக் கடைசி நாள். இன்னும் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லார் வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு என் வீம்பைப் பிடித்துக்கொண்டேனா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன்.

மதியம் மரகதம் அவளே மொபட்டில் கொட்டை கொண்டுவந்தாள். வாசல்வரை வந்து இறக்கிவிட்டு, “பாத்துக்கங்க, மொளவிட்டது ஒண்ணும் இல்ல,” என்றாள். நான் பார்க்கவில்லை. நேரே பெட்டியில் கொட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஜெயித்துவிட்டோம்!

உலைவைத்துக்கொண்டிருந்தேன். ஷாநவாஸ் தெருவிலிருந்தே, “அக்கா! அறுபதும் பச்சை!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். செருப்பு ஒன்று வழியில் கழன்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஹென்ட்ரிக் ஏழு வருடப் படங்களையும் அடுக்கிப் பார்த்திருக்கிறார். ஏழு டிசம்பரும் பச்சை, ஏழு மேயும் மொட்டை. ‘வனம் தன்னைத்தானே ஆண்டுதோறும் உழுதுகொள்வதில்லை. முப்பத்து நான்காம் நிலம் நெடுநாளைய விவசாய நிலம். எங்கள் முடிவு தவறு. திருத்திக்கொள்கிறோம்’ என்று எழுதியிருக்கிறார். அதோடு விடவில்லை. இனி இந்தப் பக்கத்து விவசாயிகளின் பேச்சைச் சோதிக்கிற எல்லாருக்கும் கொடுக்கிற விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம். காடு என்றால் உழுது பயிரிடுகிற நிலம். வனம் வேறு. மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எந்த நாட்டிலோ உட்கார்ந்து எழுதின சட்டத்துக்குள் எங்கள் சொல் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அழுதேன். சொல்ல வெட்கம் என்ன, நன்றாக அழுதேன்.

இவருக்குப் போன் போட்டேன். மோட்டார் ரூமில் அடித்தது. எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மரகதம் வீட்டுக்கு நானே ஓடினேன். மாடு கட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கயிற்றை விட்டுவிட்டாள். மாடு பாட்டுக்கு நடந்து போய்விட்டது. அவளுடைய சாணிக் கையைக்கூடப் பார்க்காமல் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றோம்.

ராக்கியப்பன் சரவெடி வாங்கிவந்து கொளுத்தினார். ஊர் நாய்கள் எல்லாம் ஓடிப்போயின. சோறு அடிப்பிடித்துப் போனது. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கன்டெய்னர் கிளம்பியது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது மரகதம். ஏழாம் பெட்டி மூட்டைகளை முதலில் ஏற்றச் சொன்னேன். முதலில் ஏற்றினால் உள்ளே பத்திரமாக இருக்கும், அதனால்தான்.

மே 20, புதன்

மூன்று மாதமாக டைரியைத் தொடவில்லை. சரக்கு போய்ச் சேர்ந்தது, அடுத்த வருடத்துக்கும் எழுதிக் கேட்டுவிட்டார்கள், ராக்கியப்பன் மேட்டுக்காட்டில் குழி எடுக்கிறார். எழுத நேரம் எங்கே?

இன்று லீஸ்பெத்திடமிருந்து ஒரு பார்சல். பிரித்தால் சாக்லேட். ஏழாம் பெட்டிக் கொட்டையை மட்டும் தனியாக வைத்துச் செய்திருக்கிறார்கள், வந்ததிலேயே அதுதான் உயர்ந்த ருசியாம். எனக்கு முன்பே தெரியும். மேலுறையில் நீல மலை, அதற்குக் கீழே உழுத நிலம். நடுவில் தமிழிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: மரகதம் காடு.

எடுத்துக்கொண்டு மொபட்டில் போனேன். அவள் தோப்பில் வாழைக்குக் கன்று கழித்துக்கொண்டிருந்தாள். கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்ததை நான் பார்த்துவிட்டேனா என்று பார்த்தாள். பிறகு ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு மென்றாள். முகம் கோணியது.

“இதுக்கா இத்தன அக்கப்போரு? நெம்பக் கசக்குதுங்க நங்கை.”

நங்கை என்றாள். நான் கவனிக்காத மாதிரி, “சர்க்கரை போடாத சாக்லேட்டு அப்படித்தான் அம்மிணி இருக்கும்,” என்றேன். மீதியை இரண்டு பேரும் கசப்போடு தின்று முடித்தோம். மேலுறையை அவள் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கோடு இன்னும் காலியாக இருந்தது. மரகதம் என்று எழுதி அவள் நம்பரையும் போட்டேன். வீடு பக்கம், மொபட் இருக்கிறது, போன் அடித்தால் எடுப்பாள். அதனால்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.